பொட்டலத்தின் பின்புறம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குறளும் சிலம்பும் பேசிப் பழகிய இம்மேடையில், மிக்சர்ப் பொட்டலத்தைப் பற்றி உரையாற்ற ஒருவன் எழுந்து நிற்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். பொறுப்பு என்னுடையதன்று. உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் பல்லாண்டு பணிபுரிந்து ஓய்வுபெற்றவன் நான் என்பதை அறிந்த விழாக் குழுவினர், "இலக்கியம் பேச இருவர் இருக்கிறார்கள், நீங்கள் இல்லத்தார்க்குப் பயன்படும் செய்தி ஒன்றைச் சொல்லுங்கள்" என்று பணித்துவிட்டார்கள். பணிக்கு அடங்கி வந்திருக்கிறேன்.

இவ்விரட்டை நகரங்களில் வந்து குடியேறிய நம்மவர் வீடுகளில், முன்னாளில் தின்பண்டம் என்பது ஊரிலிருந்து ரயிலில் வந்த பொருள். விடுமுறைக்குச் சென்று திரும்புவோர் தகர டப்பாக்களில் முறுக்கும் சீடையும் தட்டையும் சுமந்து வருவர். அவற்றின்மேல் சீட்டு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. சுட்ட கை யாருடையது என்பது தெரியும். எந்தச் செக்கின் எண்ணெய் என்பதும் தெரியும். இன்று அந்த டப்பாவின் இடத்தைப் பளபளக்கும் உறைகள் பிடித்துக்கொண்டன. சுட்ட கை எங்கோ ஒரு தொழிற்சாலையில் இருக்கிறது. அதற்கு ஈடாக உறையின் பின்புறத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அப்பட்டியலை எவ்வாறு படிப்பது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

1954-இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இயற்றப்பட்டபோது, மக்களின் அச்சம் வேறாக இருந்தது. காப்பித் தூளில் புளியங்கொட்டைத் தூள் கலந்துள்ளதா, பாலில் தண்ணீர் எவ்வளவு என்பனவே அன்றைய வினாக்கள். 2006-இல் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் வந்தது. அதன்கீழ் ஓர் ஆணையமும் அமைந்தது. கலப்பட அச்சம் இன்றும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும், கலப்படமே இல்லாத, சட்டத்துக்கு முற்றிலும் உட்பட்ட பண்டம் ஒன்றும் ஓர் இரத்த அழுத்த நோயாளிக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதை இப்போது உணர்ந்திருக்கிறோம். அதில் உள்ள பொருள் தூயதுதான், அளவுதான் மிகுதி. அளவைச் சொல்வதற்காகவே அந்தப் பட்டியல் அச்சிடப்படுகிறது.

பட்டியல் பொய் சொல்கிறது என்று பலர் கருதுகின்றனர். என் அனுபவத்தில் பெரும்பாலும் அது மெய்யே சொல்கிறது. ஆனால் நம் அடுக்களையில் இல்லாத ஓர் அளவையில் சொல்கிறது. நாம் கரண்டியாலும் கைப்பிடியாலும் அளக்கிறோம். அது மில்லிகிராமாலும் விழுக்காட்டாலும் அளக்கிறது. மாற்றிக்கொள்ளத் தெரிந்துவிட்டால் குழப்பத்தில் முக்காற்பங்கு நீங்கிவிடும்.

ஓர் உறையை எடுத்துக்கொள்வோம். எந்த நிறுவனத்தின் உறையும் அன்று. கணக்குக்காக நானே எண்களை அமைத்துக்கொள்கிறேன். 200 கிராம் மிக்சர். நூறு கிராமில் புரதம் 12 கிராம், கார்போஹைட்ரேட் எனும் மாவுச்சத்து 42 கிராம், கொழுப்பு 38 கிராம், அதில் நிறைவுற்ற கொழுப்பு 12 கிராம், சோடியம் 800 மில்லிகிராம், ஆற்றல் 558 கிலோகலோரி. இவ்வெண்கள் எங்கிருந்து வருகின்றன என்று நீங்கள் கேட்கலாம். புரதத்தை நாங்கள் நேராக நிறுப்பதில்லை. அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, பெரும்பாலும் 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறோம். கொழுப்பைக் கரைப்பானில் கரைத்துப் பிரிக்கிறோம். ஈரத்தையும் எரித்தபின் எஞ்சும் சாம்பலையும் நிறுக்கிறோம். இவையனைத்தையும் நூறிலிருந்து கழித்தால் மிஞ்சுவதே மாவுச்சத்து. ஆதலின் அது அளந்த எண்ணன்று, கழித்து வந்த எண். ஆற்றலோ பெருக்கி வருவது: புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு நான்கு, கொழுப்புக்கு ஒன்பது. வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 48, 168, 342. கூட்டினால் 558 வரும். எண்ணெயின் பங்கு எத்துணைப் பெரிது என்பதும் அக்கணக்கிலேயே தெரிந்துவிடும்.

இதுவரை குழப்பம் இல்லை. குழப்பம் அடுத்த பத்தியில் இருக்கிறது. அங்கே "ஒரு பரிமாறல் 20 கிராம்" என்றும், அந்தப் பரிமாறலில் ஒரு நாள் தேவையின் பங்கு எவ்வளவு என்றும் போட்டிருக்கும். சட்டப்படி அந்த நாள் தேவைக்கு வைத்துக்கொண்ட அளவுகள் இவை: ஆற்றல் 2000 கிலோகலோரி, மொத்தக் கொழுப்பு 67 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், டிரான்ஸ் கொழுப்பு 2 கிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம். நம் மிக்சரில் 20 கிராமுக்குச் சோடியம் 160 மில்லிகிராம். அதாவது 8 விழுக்காடு. எட்டுத்தானே என்று மனம் அமைதி கொள்கிறது.

அன்பர்களே, 20 கிராம் மிக்சரை நீங்கள் என்றேனும் நிறுத்துப் பார்த்ததுண்டா? உள்ளங்கையில் ஒரு சிறு குவியல். விருந்தினர்க்கு அத்துணை வைத்து நீட்டினால், அவர் திரும்பிச் சென்று நம்மைப் பற்றி என்ன பேசுவார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தொலைக்காட்சியின் முன் அமர்ந்து உறையிலிருந்தே எடுத்து உண்பவர், கால் பங்கையாவது முடித்துவிடுவார். கால் பங்கு 50 கிராம். அப்போது சோடியம் 20 விழுக்காடு; கொழுப்பு 28 விழுக்காடு. முழு உறையையும் ஒருவரே உண்டால் சோடியம் 80 விழுக்காடு, கொழுப்பு 76 கிராம். ஒரு நாளைக்கு வகுத்த 67 கிராம் அங்கேயே கடந்துவிட்டது. நண்பகற் சாப்பாடும் இரவுச் சிற்றுண்டியும் இனிமேல்தான் வரவேண்டும்! ஆதலின் பரிமாறல் பத்தியை விட்டுவிட்டு, நூறு கிராமுக்கான பத்தியைப் படியுங்கள். பிறகு நீங்கள் உண்மையில் உண்ணும் அளவால் பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு உறைகளை ஒப்பிடும்போதும் நூறு கிராமையே கொள்ள வேண்டும். ஓர் உறையில் பரிமாறல் 15 கிராம், மற்றொன்றில் 30 கிராம் என்றிருந்தால், சிறிய பரிமாறல் உடையது நல்லதுபோலத் தோன்றிவிடும்.

இன்னொன்று. அந்த 2000 கிலோகலோரி ஒரு சராசரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட கணக்கின்படி, உடலுழைப்புக் குறைந்த பெண்ணுக்கு 1660 போதும். நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு 1360 போதும். எனவே உறையில் உள்ள விழுக்காடு, அதை மிக விரும்பி உண்ணும் பேரக்குழந்தைக்குக் குறைவாகவே சொல்கிறது.

இனி உப்புக்கு வருவோம். மருத்துவர் "உப்பைக் குறையுங்கள்" என்கிறார். உறை "சோடியம்" என்கிறது. இரண்டுக்கும் இடையே பாலம் இல்லாமையால் எத்தனையோ வீடுகளில் மருத்துவர் சொல் பயனற்றுப் போகிறது. பாலம் எளியது. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 2000 மில்லிகிராம் சோடியம் என்பது 5 கிராம் உப்பு. தட்டையாக அளந்த ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. குழம்பு, கூட்டு, தயிர்ச் சாதம், ஊறுகாய் என ஒரு நாளில் நம் வாய்க்குள் செல்லும் எல்லாவற்றுக்கும் சேர்த்து உலகச் சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் அளவு அதனினும் குறைவே. நம் மிக்சரில் 50 கிராம் உண்டால் 400 மில்லிகிராம் சோடியம், அதாவது 1 கிராம் உப்பு. ஐந்தில் ஒரு பங்கு மாலைக் காப்பியோடு தீர்ந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மகனோடு வாழ நெல்லைச் சீமையிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். எழுபத்தைந்து வயது. இரத்த அழுத்தம். மருத்துவர் சொன்ன நாள் முதல் ஊறுகாய் ஜாடியைத் தொடவில்லை, அப்பளத்தை விட்டார், தமக்கென்று உப்புக் குறைத்துக் குழம்பு வைக்கச் சொன்னார். அழுத்தம் குறையவில்லை. மாத்திரையை மாற்றிப் பார்த்தார்கள். ஒரு நாள் மருமகள் வந்து என்னிடம் கேட்டாள். காலையில் எழுந்ததும் என்ன, மாலையில் என்ன என்று வினவியபோது, காலையில் நான்கு பிஸ்கோத்து, மாலையில் ஒரு கிண்ணம் மிக்சர், இரவில் பேரன் மிச்சம் வைக்கும் நூடுல்ஸ் என்று விடை வந்தது. "பிஸ்கோத்து தித்திப்புத்தானே, மாமா?" என்றாள். தித்திப்புத்தான். ஆயினும் அதில் உப்பும் உண்டு. மாவை எழுப்பும் சோடாவும் உண்டு. சோடாவிலும் சோடியம் உண்டு. நூடுல்ஸின் மசாலாப் பொடியோ பெரும்பாலும் உப்புப் பொடியே.

அம்மூதாட்டியின்மேல் பழியில்லை. அவர் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர். உறைமேல் உள்ள விவரம் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. வேறு மொழியும் சேர்க்கலாம், தடையில்லை. சேர்ப்பவர் மிகச் சிலர். அது போகட்டும், படிக்கத் தெரிந்திருந்தாலும் அவர் கண்ணில் அந்த உறை பட்டதே இல்லை! நம் வீடுகளில் பொட்டலம் வந்தவுடன் என்ன செய்கிறோம்? பிரித்து டப்பாவில் கொட்டி, உறையைக் குப்பையில் எறிகிறோம். நமத்துப் போகாதிருக்க அது நல்ல பழக்கந்தான். ஆனால் பட்டியலும் உறையோடு போய்விடுகிறது. அந்த மருமகள் கெட்டிக்காரி. டப்பாவின் மூடியில் ஒரு தாளை ஒட்டித் தமிழில் எழுதிவைத்தாள்: "ஒரு கிண்ணம், 1 கிராம் உப்பு. அத்தைக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5." மூதாட்டி அதைப் படித்தார், தாமே கிண்ணத்தைச் சிறிதாக்கிக்கொண்டார். அதன்பின் அழுத்தம் எவ்வளவு குறைந்தது என்று கேட்பீர்கள். மருத்துவம் என் துறையன்று. அது அவருக்கும் மருத்துவருக்கும் உரிய செய்தி. தம் உணவைத் தாமே அறிந்து முடிவு செய்யும் உரிமை அவருக்குத் திரும்பக் கிடைத்தது என்பதை மட்டும் நான் சொல்ல முடியும்.

மொழியைப் பற்றிப் பேசும்போது மற்றொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். இது நம் தமிழுக்கே உரியது. பேச்சுவழக்கில் "இரத்தத்தில் கொழுப்பு இருக்கிறது" என்றால் கொலஸ்ட்ராலைக் குறிக்கிறோம். "எண்ணெயில் கொழுப்பு" என்றாலும் அதே சொல். எனவே உறையின் முகப்பில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று கண்டவுடன், "கொழுப்பே இல்லையாம்" என்று வீட்டில் மொழிபெயர்க்கப்படுகிறது. கொலஸ்ட்ரால் விலங்கினப் பொருள்களில் இருப்பது. தாவர எண்ணெயில் எப்போதுமே அது பேசத்தக்க அளவில் இருந்ததில்லை. இல்லாததை இல்லை என்று சொல்வதில் பெருமை என்ன? அதே உறையைத் திருப்பிப் பார்த்தால், நூற்றுக்கு 38 கிராம் கொழுப்பு அமைதியாக அமர்ந்திருக்கும். பாமாலின் எண்ணெயாக இருந்தால், இரத்தத்தின் கொலஸ்ட்ராலை உயர்த்த வல்ல நிறைவுற்ற கொழுப்பும் கணிசமாக இருக்கும். டிரான்ஸ் கொழுப்பைப் பொறுத்தவரை நிலைமை தேறியிருக்கிறது; 2022 சனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் அது நூற்றுக்கு 2-க்கு மேற்படலாகாது என்று வரம்பிட்டுவிட்டார்கள்.

சேர்மானப் பட்டியல் என்று ஒன்று தனியே உண்டு. அதற்கு ஒரு நல்ல விதி: எடையில் மிகுந்தது முதலில் வரவேண்டும். "ராகி பிஸ்கோத்து" என்று பெயர், முதற்சொல் சுத்திகரித்த கோதுமை மாவு, அதாவது நம் மைதா, அடுத்து சர்க்கரை, அடுத்து எண்ணெய், ராகி நெடுந்தொலைவு கடந்து வருகிறது. பெயரில் முன்னிறுத்திய பொருளின் விழுக்காட்டையும் அருகே போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பெயரை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். சர்க்கரை பல வேடங்களில் வரும். குளுகோஸ் பாகு, இன்வர்ட் பாகு, டெக்ஸ்டிரோஸ், தேன், பேரீச்சம் பாகு என்று பிரிந்து வந்தால், ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். கூட்டினால் மேலே இருக்கும். "வெல்லத்தால் செய்தது" என்பதைக் கண்டு நம்மவர் உருகிவிடுகிறோம். வெல்லத்தின்மேல் எனக்கும் அன்பு உண்டு. ஆயினும் அதில் பெரும்பகுதி சர்க்கரையே. நீரிழிவு அன்பைப் பார்ப்பதில்லை. சேர்த்த சர்க்கரை என்ற வரிசையில் உள்ள கிராமை ஐந்தால் வகுத்தால், ஏறத்தாழ எத்தனை தேக்கரண்டி என்பது கிடைக்கும்.

எண்களைக் கண்டு அஞ்சுவோர் பலர். 330, 500, 627, 631 என்றெல்லாம் இருப்பதைப் பார்த்து, நஞ்சு என்று கருதிப் பொட்டலத்தைத் திருப்பி வைக்கின்றனர். 100 என்பது மஞ்சளின் நிறப்பொருள். 330 எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம். 500 நம் ஆப்ப சோடாவின் இனம். 627-உம் 631-உம் சுவையை மிகுவிப்பவை; நாக்கு நிறுத்த நினைத்தாலும் கை நிற்காமல் இருப்பதற்கு அவையும் ஒரு காரணம். புலால் உண்ணாதார் 631-இன் பிறப்பைப் பற்றி ஐயுறுவதுண்டு. அவர்கள் சதுரத்துக்குள் உள்ள பச்சை வட்டத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். இந்த எண்களுக்கு அஞ்சும் நேரத்தில் பாதியைச் சோடியம் வரிசைக்குச் செலவிட்டால் நன்று என்பது என் கருத்து.

இந்நகரில் இதைப் பேசுவதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. தார்னாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வாயிலைக் கடந்து செல்லாதவர் நம்மில் அரியர். அதுவும் நம்மைப்போலத் தமிழ் நிலத்திலிருந்து இங்கு வந்து குடியேறியதே! 1918-இல் மக்கரிசன் என்னும் பிரித்தானிய மருத்துவர், நீலகிரிக் குன்னூரில் ஓர் அறையில் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வாக அதைத் தொடங்கினார். அங்கே பணியாற்றிய அய்க்ராய்டு 1937-இல் இந்திய உணவுகளின் சத்து அளவுகளைத் தொகுத்து வெளியிட்டார். 1958-இல் நிறுவனம் ஐதராபாத்துக்கு வந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்து, அந்நூலை விரிவாக்கி 1971-இல் உடன் ஆய்வாளர்களோடு வெளியிட்டார். இன்றும் ஒரு பண்டத்தில் என்ன சத்து என்று தேடுவோர் அவ்வழியில் வந்த அட்டவணைகளையே புரட்டுகின்றனர். அந்நிறுவனம் 2024-இல் இந்தியர்க்கு வெளியிட்ட பதினேழு உணவு நெறிகளில் பதினேழாவது, உறைமேல் உள்ள விவரத்தைப் படியுங்கள் என்பது. குறைநோயை ஆராயத் தொடங்கிய இடம், நூறாண்டில் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லும் இடமாயிற்று.

எல்லாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதை அரசுகளும் உணர்ந்திருக்கின்றன. சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரையோ உப்போ கொழுப்போ வரம்பு மீறினால் உறையின் முகப்பிலேயே கருநிற எண்கோணம் ஒன்றை அச்சிட வேண்டும். படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்வர். நம் நாட்டில் 2022-இல் வெளிவந்த வரைவு, அரை முதல் ஐந்து வரை விண்மீன்கள் இடலாம் என்றது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், முகப்புக் குறியைப் பற்றி நிபுணர் குழு பரிந்துரை அளிக்க மூன்று மாதத் தவணை விதித்தது. விண்மீனைப் பற்றி என் கருத்தைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வேன். நம் பிள்ளைகள் ஆசிரியரிடம் வீட்டுப்பாடத்துக்கு விண்மீன் வாங்கிப் பழகியவர்கள். ஒரு விண்மீன் பெற்ற பொட்டலத்தையும் அவர்கள் பாராட்டுப் பெற்றதாகவே கொள்வர். எச்சரிக்கை என்றால் எச்சரிக்கையாகவே தோன்ற வேண்டும்.

தாய்மார்கள் சிலர் இப்போது, "வீட்டில் சுட்ட முறுக்குக்கு இந்த வம்பே இல்லையே" என்று எண்ணுவது முகத்தில் தெரிகிறது. அதிலும் எண்ணெய் உண்டு; உப்பு உண்டு; சீட்டு ஒன்றுதான் இல்லை. ஆனால் எத்தனை கரண்டி உப்பு விழுந்தது என்பது பிசைந்தவருக்குத் தெரியும். முழங்கை வலிக்கப் பிழிய வேண்டியிருப்பதால் நாள்தோறும் சுடுவதுமில்லை. அவ்வளவே அதன் மேன்மை.

இறுதியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நம் உறுப்பினர் வீடுகளில் தமிழ் மட்டும் படிக்கும் முதியோர் பலர் இருக்கின்றனர். ஆங்கிலம் படிக்கும் கல்லூரி மாணவர்களும் இருக்கின்றனர். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டில் வழக்கமாக வாங்கும் தின்பண்டங்களின் வெற்று உறைகளைக் கொண்டுவாருங்கள். மாணவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுத் தாளில், ஒரு கிண்ணத்துக்கு எவ்வளவு உப்பு, எத்தனை தேக்கரண்டி சர்க்கரை, எவ்வளவு எண்ணெய் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதித் தருவார்கள். டப்பா மூடியில் ஒட்டிக்கொள்ளலாம். கிண்ணத்தையும் கொண்டுவந்தால் நலம். தராசு நான் கொண்டுவருகிறேன். உறையைத் திறக்கும்போது மட்டும் பின்புறம் கிழியாமல் மேல்விளிம்பைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பல்லால் கடித்துத் திறந்தால், சோடியம் உள்ள வரிதான் பெரும்பாலும் கிழிகிறது.